வெயிலுக்கும் உண்டு தள்ளுபடி

வெயிலை விற்றுப் பிழைக்க நினைப்பவன் பெங்களூருக்கு வரக்கூடாது; ஆனால் வெந்நீரை விற்றுப் பிழைக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் நான் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்றேன். கம்பெனி சின்னது. ஒரு ஷெட், ஒரு வெல்டர், இரண்டு ஃபிட்டர்கள், ஸ்கூட்டரில் சுற்றும் நான்.

வீடு வீடாக மணியடித்து எதையாவது விற்றவர்கள் ஒன்றை ஒத்துக்கொள்வீர்கள். நம் பொருளின் அருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை எதிரே இருப்பவர் கதவைப் பாதி மூடியபடியேதான் நிற்பார். "கவர்மென்ட் இதுக்குச் சலுகை தருது" என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலி வரும், சில வீடுகளில் காபியும் வரும். கரண்ட் பில்லில் ரிபேட் என்கிற கழிவு, குறைந்த வட்டியில் கடன், தொழில் செய்பவர்களுக்கு வருமான வரியில் சலுகை என்று அப்போது மூன்று இருந்தன. மூன்றையும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன். அப்படி ஒப்பித்துப் பட்டதில் சில இங்கே.

பச்சைத்தண்ணீர் பக்தர்

மல்லேஸ்வரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். இரண்டு தலைமுறைக்கு முன்பே மாநில அரசு வேலைக்கு வந்து இங்கேயே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். வெந்நீர் உடம்பையும் மனசையும் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. டிசம்பர் குளிரிலும் விடியற்காலையில் பச்சைத்தண்ணீர்தான். அவர் மனைவி மட்டும் ஸ்டவ்வில் ஒரு குண்டான் தண்ணீரைச் சுடவைத்து, அதையும் ஏதோ தப்புச் செய்கிறவர் மாதிரி பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

நான் சொன்னதில் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டும்போது, போகிற போக்கில் கரண்ட் பில் கழிவைப் பற்றிச் சொல்லிவைத்தேன். "மாசாமாசமா?" என்றார். ஆமாம் என்றேன். "அதாவது, ரிட்டயர் ஆனப்புறமும் ஒரு அலவன்ஸ் மாதிரி" என்றார். அதுவரை நான் யோசித்திராத கோணம் அது. மறுபடி உட்காரச் சொன்னார்.

ஹீட்டர் மாட்டியாயிற்று. கழிவு போட்ட முதல் பில் வந்ததும் போன் செய்து உடனே வரச்சொன்னார். தொட்டி ஒழுகுகிறதோ என்று பயந்துகொண்டு போனேன். மனிதர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த ஒரு வரியைக் காட்டிக்கொண்டிருந்தார். குளியல் இன்னும் பச்சைத்தண்ணீரில்தானாம். காபி கொண்டுவந்த அவர் மனைவி, தம்ளரை என்னிடம் நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "கல்யாணமான நாள்லேர்ந்து நான் கேட்டுண்டிருந்தேன், வரல. கரண்ட் ஆபீஸ்காரா காசு கழிச்சுத் தரோம்னதும், ஒரே மாசத்துல வந்துடுத்து."

மார்ச் முப்பத்தொன்று

பீன்யாவில் ராமலிங்கம் என்று ஒருவர், சேலத்துக்காரர். இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை நடத்தினார். முலாம் பூசுவதற்கு முன் சாமான்களை வெந்நீரில் கழுவ வேண்டும், அதற்கு டீசல் எரித்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக நான் நடையாய் நடந்தும் மசியாதவர், மார்ச் மூன்றாவது வாரத்தில் தானே கூப்பிட்டார். அவருடைய ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த மாதம் முடிவதற்குள் ஹீட்டர் ஓடத் தொடங்கிவிட்டால் விலையில் பாதியை இந்த வருஷ வருமானத்திலேயே தேய்மானமாகக் கழித்துவிடலாம், மீதியை அடுத்த வருஷம். ஏப்ரல் ஒன்று ஆகிவிட்டால் இந்த வருஷத்துக்கு ஒன்றுமில்லை. "முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார் ராமலிங்கம். முடியும் என்றேன். விற்கிறவன் வாயில் வேறென்ன வரும்?

பேனல் வந்தது, தொட்டி வரவில்லை. தொட்டி வந்தது, கூரைக்கு ஏற்ற கிரேன் வரவில்லை. கடைசிக் குழாயைப் பொருத்தி முடிக்கும்போது முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், வெயில் தாழ்ந்துவிட்டது. ராமலிங்கம் வால்வைத் திறந்து தண்ணீரில் கைவைத்தார். முகம் சுருங்கியது. "என்னய்யா இது, வெதவெதன்னு இருக்கு?" ஆடிட்டர் நிதானமாகத் தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கூடை சாமான்களைக் கொண்டுவரச் சொல்லி, அந்தத் தண்ணீரைக் கழுவும் தொட்டியில் பிடித்து முக்கியெடுக்க வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சட்டத்துல உபயோகப்படுத்தணும்னுதான் போட்டிருக்கு. சுடணும்னு எங்கயும் போடல."

செல்வி அக்காவின் கூரை

நீலசந்திராவில் செல்வி அக்கா ஒரு சின்ன மெஸ் நடத்தினார். கட்டட வேலைக்குப் போகிறவர்கள்தான் வாடிக்கை. பாத்திரம் கழுவவும் சோறாக்கவும் அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும், அதற்கு வாங்கும் மண்ணெண்ணெயே லாபத்தைக் குடித்துவிடும். அங்கே சாப்பிட வந்த என் ஃபிட்டர் ஒருவன் குறைந்த வட்டிக் கடனைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அக்கா நேராக பேங்குக்கே போய்விட்டார். மேனேஜர் நல்ல மனிதர். இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று என்னையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

நிமிர்ந்து பார்த்ததுமே எங்கள் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கல்நார் ஷீட் கூரை. அதன்மேல் பூனை நடந்தாலே உள்ளே சத்தம் கேட்கும், தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கும்? இடத்துச் சொந்தக்காரரைக் கேட்டால், பக்கத்திலிருந்த தன் வீட்டு மாடியில் இடம் தரமுடியாது என்றார். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அக்கா கோபப்படவில்லை. "வந்தது வந்தீங்க, சாப்ட்டுப் போங்க" என்று இலை போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். குழம்பு முடிந்ததும் வந்து நின்று சொன்னார்: "மாடி இருக்கறவங்களுக்குத்தான் வெயிலு காசு குடுக்கும்னு இன்னைக்குத்தான் சார் தெரிஞ்சுது. பரவால்ல, ரசம் ஊத்திக்கங்க."

மழைநாள் சூரியன்

கரண்ட் பில்லில் கழிவு வேண்டுமென்றால் மின்சார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, சோலார் வேலை செய்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். ஜெயநகரில் ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு அவர் வந்த அன்று ஆடி மாதத் தூறல், சூரியனைக் கண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. டாக்டருக்கு ஒரே பதற்றம். வெயில் இல்லாத நாளுக்கென்று தொட்டிக்குள் கரண்டில் சூடாகும் கம்பிச்சுருள் ஒன்று வைத்திருப்போம். விடியற்காலையிலேயே பாத்ரூம் பக்கத்திலிருந்த அதன் சுவிட்சைப் போட்டுவிட்டார். எனக்கும் சொல்லவில்லை.

வந்த இன்ஜினியர் கன்னடக்காரர். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர் என்பதால் தமிழும் பேசுவார். குழாயைத் திறந்து கையை நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஆவி பறந்தது. குடையோடு மாடிக்குப் போய் பேனல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். அது ஐஸ் மாதிரி இருந்தது. "போன வாரத்து வெயில் சார், தொட்டியில அப்படியே நிக்கும்" என்றார் டாக்டர். நான் தூரத்தில் தெரிந்த தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் வெயிலடித்த ஒரு நாளில் அந்த இன்ஜினியர் தானாகவே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பது வேறு விஷயம். அன்றைக்குக் குடையை விரித்தபடி வாசலில் அவர் சொன்னது இது: "டாக்டரே, உங்க சூரியனுக்கு பாத்ரூம் பக்கத்துல சிவப்பு லைட் ஒண்ணு எரியுது. ஆஃப் பண்ணிடுங்க, பில்லு ஸ்வல்ப ஜாஸ்தி ஆயிடும்."

மேல் வீட்டு மீட்டர்

லிங்கராஜபுரத்தில் அந்தோணிசாமி என்பவர் கீழே குடியிருந்து மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். மாடியில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சாஃப்ட்வேர் தம்பதி. அந்தோணிசாமி தன் பணத்தில் ஹீட்டர் போட்டார். குழாய் முதலில் மாடிக்குப் போய்த்தான் கீழே இறங்கும். சோதனைக்கு வந்தவர் மாடிக் குழாயைத் திறந்து பார்த்தார், மாடி மீட்டர் நம்பரை எழுதிக்கொண்டு போய்விட்டார். கழிவு குடித்தனக்காரர் பில்லில் விழத் தொடங்கியது. மாற்றச் சொல்லி அந்தோணிசாமி நாலு தடவை ஆபீஸுக்கு அலைந்தார், நடக்கவில்லை. ஐந்தாவது தடவை எனக்குப் போன் வந்தது. கழிவு தன் மீட்டருக்கு வர, மாடி லைனைத் துண்டித்துவிட்டு நேராகக் கீழே குழாய் இறக்க வேண்டுமாம்.

ஃபிட்டரோடு போனேன். மாடியில் பிள்ளை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரிலிருந்து துணைக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தோணிசாமிக்கு அதெல்லாம் தெரியும். "தெரிஞ்சு என்ன பண்றது? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். சொல்லிவிட்டு வருகிறேன் என்று விறுவிறுவென்று மாடி ஏறினார், நானும் பின்னால் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. பாத்ரூமில் அவர் மனைவி பிலோமினா அம்மா மணைமேல் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் அப்பா டவலும் கையுமாக ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பிலோமினா அம்மா தலை நிமிராமல், "தண்ணி நல்லா பதமா வருதுங்க" என்றார். "யாராச்சும் பைப்ல கைவைக்கிறதா இருந்தா நான் கீழ வந்தப்புறம் பேசிக்கலாம்."

அந்தோணிசாமி வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்தா, குழாயைப் பார்த்தா என்று தெரியவில்லை, ஏதோ ஒரு பக்கம் சிரித்தது. இறங்கி வரும்போது பாதிப் படியில் திரும்பி என்னிடம் சொன்னார்: "ஃபிட்டரை அனுப்பிடுங்க தம்பி. என் வீட்டுக்காரியே மேல் வீட்லதான் இருக்கா, ரிபேட் மட்டும் கீழ வந்து என்ன பண்ணப் போகுது."

சூரியன் சும்மா கொடுப்பதை யாரும் ஒரு பொருட்டாக மதிக்காத இந்த ஊரில், அதன்மேல் அரசாங்கம் கொஞ்சம் தள்ளிக் கொடுத்ததால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.