ஜெயம்மாவின் பாதி மருந்து

பர்மாவில், எங்கள் அலோன் படகுத்துறையில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் ஜெயம்மா ஒரு தர்மவதி. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அவள் வீட்டில் ஒரு மாத்திரை அட்டையைக்கூட யாரும் தனியாகத் தின்று தீர்த்ததில்லை. நோவு நின்றதா, மருந்து போதும். மீதி அடுத்தவருக்கு.

துறையில் சுமை தூக்கும் பெண்களுக்கு அவள்தான் வைத்தியர். அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்ட இன்னும் யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. காலை முதல் அடக்கிக்கொண்டே நிற்கிறார்கள். ஆகவே நீர்க்கடுப்புக்குப் பஞ்சமே இல்லை. டாக்டரிடம் போனால் கூலி போய்விடும். ஜெயம்மாவிடம் போனால் மொஹிங்காவோடு ஒரு சிவப்பு மாத்திரையும் கிடைக்கும். அதன் பெயரைக் கேட்டு அவளை அவமதிக்கக் கூடாது. பெயரெல்லாம் படித்தவர்களுக்கு, ஜெயம்மாவுக்கு நிறம் போதும்.

இந்த வள்ளல்தனத்தில் பெரும்பங்கு மகள் புஷ்பலதாவுக்கே கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கடுப்பு வரும், பாதி மருந்தில் போகும், மறுபடி வரும். இந்த முறை ஏழு மாதக் கர்ப்பத்தில் வந்தது. எல்லா நிறங்களும் தோற்றன. குளிர்காய்ச்சலில் பற்கள் தந்தியடிக்க அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. ஜெயம்மா வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

சிறுநீரைச் சோதித்த டாக்டர் தஸ்லீமா வெளியே வந்தார்.

"மாத்திரை ஒண்ணும் கேக்காதும்மா. அந்தக் கிருமிக்கு எல்லாம் பழகிப்போச்சு. பாம்ப அரைகுறையா அடிச்சு விட்டா சும்மா இருக்குமா? ஒரே ஒரு ஊசி மருந்துதான் மிச்சம். அத நாள் தவறாம முழுசாப் போட்டாத்தான் தாயும் புள்ளையும் பொழைக்கும்."

"போடுங்க சயாமா, போடுங்க டாக்டரம்மா!"

போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. புஷ்பலதா எழுந்து கஞ்சி குடித்தாள். ஜெயம்மாவுக்கு உயிர் வந்தது, கூடவே பழைய குணமும் வந்தது. அடுத்த ஊசியோடு வந்த நர்ஸை வழிமறித்து, பர்மியத்தில் வாதாட ஆரம்பித்தாள். மகளுக்குத்தான் சரியாகிவிட்டதே, பக்கத்துக் கட்டில் பெண் துடிக்கிறாள், மிச்ச மருந்தை அவளுக்குப் போட்டால் புண்ணியமாவது சேரும் என்றாள்.

அம்மா சொல்லை ஒருநாளும் தட்டாத புஷ்பலதா, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையை நர்ஸிடம் நீட்டினாள்.

"இத யாருக்கும் பங்கு வைக்காதம்மா. எனக்கு முழுசா வேணும்."

ஜெயம்மா நர்ஸுக்கு வழிவிட்டாள். கடைசி ஊசி முடியும்வரை கட்டிலருகிலேயே இருந்தாள். ஒரு மருந்து முடிவதை அவள் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.