பூக்க அவசரப்பட்ட செடி

மனைவியின் கை மூட்டுவலிக்குத் தேநீர் போட்டுப் பார்க்கலாம் என்று, சுவிஸ் நாட்டுப் பீல் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு சுவிஸ்காரர் ஒரு கஞ்சா விதை தந்தார். போதை குறைந்தது, சட்டம் அனுமதிப்பது. வளர்ந்தாலும் வளராவிட்டாலும் தன் வயது வந்ததும் பூத்துவிடும் இனம். பல்கனியில் நட்டு, தினமும் இலைகளை எண்ணினேன்.

இருபத்து நான்காம் நாள், கிளை விடட்டும் என்று, கத்தரிச் செடிக்குச் செய்வதுபோல நுனியைக் கிள்ளிவிட்டேன். மீண்டு வளருமுன் வயது வந்துவிட, செடி ஒரு சாணோடு நின்று, ஏழே பூக்கள் பூத்தது. அவரை அழைத்து, மனைவி பார்த்திருக்க, விதை பழுது என்றேன்.

அவர் குனிந்தார். கிள்ளிய தழும்பில் அவருடைய விரல் நின்றது. என் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, "விதையிலும் பழுது வரும்தான்," என்றார். மறுநாள் தன் அறுவடையில் ஒரு போத்தல் நிறைய உலர்ந்த பூக்களைக் கொண்டுவந்து தந்தார்.

"பாவம் மனுசன், தன்ர பிழையெண்டு நினைக்கிறார்," என்றாள் மனைவி.

"விதை நல்லது. நான்தான் நுனியைக் கிள்ளினனான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? போய் அந்தாளிட்டைச் சொல்லுங்கோ!"

பதினொரு எட்டு நடந்து கதவைத் தட்டினேன். நம் பிழையை அறிந்தே நம் மானத்தைக் காத்தவரிடம் மன்னிப்புக் கேட்பதுதான் கடினம் என்று எழுபத்து நான்கு வயதில் தெரிந்துகொண்டேன்.