அக்கா அழைத்துப் போன கொலு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பெண்மணிகளில் பாதிப் பேர், "எங்க அக்கா போயிட்டாளே" என்றுதான் அன்று அழுதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

கரமனை ஆற்றங்கரைத் தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர் அக்கா. அப்பா தவறியதும் கல்லூரியை நிறுத்திவிட்டு, டியூஷன் எடுத்து என்னைப் படிக்க வைத்தார். அதுவரை எனக்கு மட்டுமே அக்காவாக இருந்தார். பிறகு தெருவே பங்குக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவர், மார்பில் வந்த கட்டியை வெட்கப்பட்டு மறைத்தே உயிரை விட்டார். அதிலிருந்து அக்காவுக்கு ஒரே பிடிவாதம். வருஷந்தோறும் நவராத்திரியில் ஒருநாள், நாற்பது தாண்டியவர்களைத் திரட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மார்பகப் பரிசோதனை செய்ய வைப்பார். ஆஸ்பத்திரி என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். அதனால், "தூரத்துல ஒரு கொலு, காலம்பரவே போகணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

ஊரின் மறுகோடியில், கழக்கூட்டத்தில் குடியிருந்த எனக்கு இதெல்லாம் தெரியாது. என்னை விட்டுவிட்டு அடுத்த வீட்டு மங்களத்தோடு அக்கா கொலுவுக்குப் போகிறார் என்று மட்டும் காதில் விழுந்தது. வயிறு எரிந்தது. ஒரு நவராத்திரியில் பட்டுப்புடவை, பூ, பவுடர் சகிதம் கரமனை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். மற்றவர்கள் எல்லாம் நூல் புடவையில் இருந்தார்கள்.

"என்னை விட்டுட்டு கொலு பாக்கப் போறேளா?"

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "கொலுவுமில்லை, ஒண்ணுமில்லை. ஆஸ்பத்திரிக்கு, மார்பு டெஸ்டுக்குப் போறோம். ஆஸ்பத்திரின்னாலே நீ மயங்கி விழுவே, வாயும் நிக்காது. உன்னை அப்புறம் தனியா அழைச்சிண்டு போலாம்னு இருந்தேன்டீ."

"அப்புறம்னா? மங்களத்துக்கு அப்புறமா?"

ஆஸ்பத்திரி என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடத்தான் பார்த்தேன். ஆனால் மங்களம் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நானும் ஏறி, அக்கா பக்கத்து சீட்டைப் பிடித்தேன்.

"பவுடர் இட்டிட்டுண்டோ? தொடச்சிட்டு வரூ" என்று மலையாளத்தில் நர்ஸ் விரட்டினார். பவுடர் எக்ஸ்ரே படத்தில் புள்ளியாக விழுமாம். துடைத்த பிறகும் என் படத்தில் ஒரு புள்ளி நின்றது. கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டி. ஆரம்பத்திலேயே பிடிபட்டதால் பிழைத்தேன்.

ஆபரேஷன், சிகிச்சை என்று போன மாதங்களில் அக்கா என் கட்டிலை விட்டு நகரவில்லை. சொன்னால் திட்டுவீர்கள், மங்களம் பார்க்க வந்து வராந்தாவில் காத்திருந்ததில் எனக்குப் பரம திருப்தி!

சென்ற வருஷம் அக்காவுக்குத் திடீரென்று நெஞ்சுவலி. ஓடிவந்த நான் கழக்கூட்டம் ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டேன். மங்களம்தான் மடியில் சாய்த்து, தண்ணீர் கொடுத்து, கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உன்னைத்தான் கேட்டுண்டே இருந்தா" என்று அழுதாள்.

காரியங்களில் தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் தெருவாருக்கும் எங்கள் நன்றி. வரும் நவராத்திரியிலும் பரிசோதனைக்குப் போகிறோம். வீட்டில் உள்ளதைச் சொல்லிவிட்டே வாருங்கள்.

மங்களத்துக்குத் தனியாக நன்றி சொல்வதுதான் முறை. சொல்லிவிட்டேன். ஆனாலும் மங்களம், அது நான் பிடித்திருக்க வேண்டிய கை.