அம்பு ஓடின வீடு

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முந்தியது பிந்தியதாக எழுதிவிடுவேன், சிலதை மறந்தும் இருப்பேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த லெப்டொப் எங்களைப் படுத்தின பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். என் இரண்டாவது மகன் கட்டாரில் ஒரு கொம்பனியில் கட்டிடங்களுக்குப் படம் கீறும் வேலையில் இருந்தான். மூத்த மகளின் கலியாணத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இளைய மகளின் கலியாணத்துக்கு முதலாளி ஒரு நிபந்தனையோடு விட்டார். பாதியில் இருக்கும் படத்தை வீட்டிலிருந்து முடித்து, கொழும்பில் இருக்கும் கொம்பனி ஆளிடம் டிஸ்க்கில் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் கலியாணத்துக்கு முன்னமே ப்ளேன் ஏறிவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த மெஷினையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்பக்கம் ஒதுங்குவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போகிற வீடு என்று புது வயரிங், புதுச் சுண்ணாம்பு, கிணற்றடிக்குச் சிவப்புச் சீமெந்து என்று எல்லாம் நடந்திருந்தது. முன்னறை மேசையில் மகன் லெப்டொப்பைத் திறந்து வைத்தான்.

எழுத்துக் கட்டைகளுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சதுரம். டச்பேட் என்றான். அதில் விரலைத் தேய்த்தால் திரையில் ஒரு அம்பு நகர வேண்டும். நகர்ந்தது. ஆனால் இவன் இந்தப் பக்கம் தேய்க்க அது அந்தப் பக்கம் ஓடியது. பிடித்து இழுத்து வந்தால் நின்ற இடத்தில் நடுங்கியது. ஒரு சுவரைக் கீறினால் கோடு மூன்று அறைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் விழுந்தது. அழிப்பான், கீறுவான், திரும்பவும் அழிப்பான். "சனியன்" என்று அவன் மேசையில் அடித்த சத்தம் குசினிக்குக் கேட்டது.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வந்தால் பார்க்க வருவார்கள். அது நல்ல வழக்கம்தான். வந்தவர்களுக்கு வட்டிலப்பமும் தேத்தண்ணீரும் கொடுத்தேன். தின்ற கையை ஒப்புக்குக் கழுவிவிட்டு எல்லாரும் நேரே மேசைக்குப் போனார்கள்.

"இதுக்குள்ளயா மகன் மாடி வீடு கட்டுறாய்? கொஞ்சம் தள்ளு பாப்பம்" என்று என் தம்பி அந்தச் சதுரத்தில் விரலை வைத்தார்.

"மாமா, தொடாதீங்க மாமா."

"ஏன்டா? கட்டாருக்குப் போனதும் மாமாட விரல் ஊத்தையாப் போச்சா?"

மகன் எழும்பி குசினிக்கு வந்தான். "உம்மா, வாறவங்கள வெளி விறாந்தையிலயே வெச்சு அனுப்புங்க. வட்டிலப்பப் பாணி பூசின கையோட வந்து தடவுறாங்க."

வாசலில் வந்தவரை உள்ளே வராதே என்று நான் எப்படிச் சொல்வது? வெளி ஆம்பிளைகளோடு நான் கதைப்பதே கதவுக்குப் பின்னால் நின்றுதான். அதனால் சும்மா நின்றேன். அவன் பஞ்சில் தண்ணீர் தொட்டுச் சதுரத்தைத் துடைத்தான், காய விட்டான். அம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

என் ராத்தா உப்பும் செத்தல் மிளகாயும் கையில் பொத்திக்கொண்டு வந்தா. "கண்ணூறுகா. ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. சாமானுக்கும் கண் படும்."

"பெரியம்மா, சுத்துங்க, வேணாம் எண்டு சொல்லல்ல. உப்பக் கொட்டிராதீங்க. ஒரு கல்லு உள்ளுக்குப் போனா நான் இண்டைக்கே ப்ளேன் ஏறணும்."

கல்முனையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிற ஒருவரிடம் மவுஸ் ஒன்று இரவல் வாங்கி வந்தான். மவுஸ் அம்பை ஒரு பக்கம் கொண்டுபோக, சதுரம் மறுபக்கம் இழுத்தது. சதுரத்தை நிறுத்தி வைக்கவும் வழி இல்லையாம். ஒரு வண்டிக்கு இரண்டு சாரதி வைத்தது போல இருந்தது. அன்று அவன் சோறும் தின்னவில்லை. டிக்கட்டை மாற்ற யாரிடம் கேட்பது என்று தங்கச்சியோடு மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தான். மகள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் கரண்ட் போனது. காற்றாடி நின்றது. லெப்டொப் மட்டும் பேட்டரியில் எரிந்தது. மகன் அலுத்துப்போய் விரலை வைத்தான். அம்பு சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்ன இடத்தில் நின்றது. மூச்சுவிடாமல் ஒரு சுவர், ஒரு கதவு கீறினான். பழைய பேட்டரி, கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. கரண்ட் வந்து வயரைச் செருகினால் அம்பு பழையபடி பாய்ந்தது.

"கரண்டுலதான் பிழை" என்று எழும்பினவன், வயரைப் பார்த்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் போனான். கிணற்றடிச் சுவரில் பச்சை வயர் ஒன்று சுருட்டித் தொங்கியது. எங்கேயும் கட்டியிருக்கவில்லை.

வயரிங் செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "எர்த் வயர் தம்பி. கம்பிய ஈர மண்ணுல இறக்கணும். மத்த இடமெல்லாம் காஞ்ச கடல் மணல், கிணத்தடிதான் சரி. நான் வர முன்னமே மேசன் சீமெந்து போட்டுட்டாரு. பிறகு பாப்பம் எண்டு வாப்பாதான் சொன்னாரு."

மெஷினில் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழி இல்லாமல் அந்தச் சதுரத்தில் ஏறுவதால்தான் அம்பு துள்ளுகிறது என்று மகன் சொன்னான். பிறகு வாப்பாவைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் சீமெந்தைப் பார்த்தார். "இத உடைக்க ஏலா. மாப்பிள்ளை வீட்டார் தொழப் போக முந்தி கை கால் கழுவி ஒளு எடுக்கிற இடம். நாலு பேர் பாத்துச் சிரிக்கவா? கலியாணம் முடியட்டும், பிறகு உடைப்பம்."

"கலியாணம் முடிஞ்சா எனக்கு எதுக்கு வாப்பா எர்த்?"

"அக்கம்பக்கத்தில போய்க் கீறு."

"அங்க எல்லாம் ரெண்டு ஓட்டைப் பழைய பிளக், எர்த்தே இல்ல."

இவர் அசையவில்லை. சீமெந்து உடைக்க அலவாங்கோடு வந்த வயரிங்காரர் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு கிணற்றடிக்கே வந்துவிட்டேன்.

"சீமெந்துக்கா கலியாணம்? மூத்தவள்ற கலியாணத்துக்கும் இவன் இல்ல. இதுக்கும் இல்லாட்டி நான் பந்தலுக்கு வரமாட்டன். நீங்களும் உங்கட சீமெந்தும் போய் மாப்பிள்ளையக் கூட்டி வாங்க. உடைங்க தம்பி!"

என் வீட்டுக்காரர் சீமெந்தைக் காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு இவர் மகனிடம், "உம்மாட குரல் கடற்கரைக்குக் கேட்டிருக்கும்" என்றார். வயரிங்காரரிடம், "மூலையில மட்டும்" என்றார்.

மூலையில் என்றுதான் தொடங்கினார்கள். சீமெந்து நடுவரைக்கும் வெடித்தது. கம்பியை அடித்து இறக்கி வயரைக் கட்டினார்கள். கலியாணப் பெண்ணே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள். மகன் உள்ளே ஓடினான். நாங்கள் யன்னலால் எட்டிப் பார்த்தோம். அம்பு நின்றது. சில நேரம் இலேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான்.

பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. மெஷின் சரியாகிவிட்டதாம் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்கள், முதலில் வந்தவர்களைவிட அதிகம். ஆனால் இந்தமுறை நானே விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். "பிள்ளை வேலையா இரிக்கான், இஞ்ச இரிங்க" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. என் தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

மகன் படத்தை முடித்து, அம்பாறைப் பாதையால் கொழும்புக்குப் போய் டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வந்தான். கலியாணத்தன்று மாப்பிள்ளையைக் கைபிடித்து உள்ளே கூட்டி வந்தது அவன்தான்.

எர்த்துக்கும் அம்புக்கும் என்ன தொடர்பு என்று மகன் சொன்னதை எனக்கு விளங்கின அளவுக்குத்தான் எழுதினேன். வயரின் நிறமும் எனக்கு நிச்சயம் இல்லை. கரண்ட் வேலை தெரிந்தவர் யாராவது இதை வாசித்துப் பிழை இருந்தால் திருத்தித் தர வேண்டும். மற்றதை என் இளைய மகளிடம் கேட்டுச் சரிபாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், உடைக்கச் சொன்னதே தான்தான் என்று அவர் சொல்லுவார்.