மூட்டு வலி மாத்திரையை விழுங்கிய மணி

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கோணல் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிக்கவும்.

எங்கள் நாய் மணி கால் நொண்டினான். என் மூட்டு வலி மாத்திரை ஒன்றை மத்தி மீனுக்குள் வைத்துக் கொடுத்தேன், அப்படியே விழுங்கிவிட்டான். அப்போது செம்மண்டலத்திலிருந்து என் மனைவியின் தம்பி வந்தான். அவனிடம் பெருமையாகச் சொன்னேன்.

“மாமா, மனுஷ மாத்திரை நாய்க்கு வெஷம். எங்க டைகரு அதுலதான் ரத்த வாந்தி எடுத்து செத்துச்சு. வண்டிய எடுங்க” என்றான்.

மணியை நடுவில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் பறந்தோம். அங்கே பெரிய வரிசை. ரேஷன் கடையில்கூட வாய் திறக்காத நான், எல்லோரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய், “டாக்டரய்யா, மணி மாத்திரைய முழுங்கிட்டான், முதல்ல அவனப் பாருங்க” என்று கத்தினேன்.

“அப்போ என் எருமை மட்டும் என்ன மட்டமா?” என்றார் வரிசையில் நின்றவர்.

டாக்டர் ஊசி போட்டார். சற்று நேரத்தில் மணி வாந்தி எடுத்தான். மீனோடு மாத்திரையும் கரையாமல் வந்து விழுந்தது.

“நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க” என்றார் டாக்டர். எருமைக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது மணிக்குத் தும்மல் வந்தால்கூட டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை. கேட்கக் கூச்சப்படுவதும் இல்லை. இதை எழுதத்தான் கூச்சப்பட்டு நாளைக் கடத்தினேன். எழுதி முடித்தது இன்று, 12.7.2009.