எல்லாக் கையிலும் ஒரே விரல்

என்னோடு ஓவியக் கல்லூரியில் படித்த ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் கைகாரி. முதல் வருடம் அவள் வரைந்த கைகளைப் பார்த்தால் வாழைச்சீப்பு தேவலை. கை வரைய வராதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். இவள் ரோஷக்காரி. அன்றிலிருந்து சாயங்காலமானால் அக்காவை விளக்கடியில் உட்காரவைத்து அவள் கையையே வரைந்தாள்.

அக்காவுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் இவள் படித்தாள். எப்போதோ மெஷினில் சிக்கி அக்காவின் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. "மரத்துப் போச்சு, சீக்கிரம் வரைஞ்சு தொலைடி" என்று திட்டுவாள்; ஆனால் கையை மட்டும் எடுக்கமாட்டாள்.

கடைசி வருடம் வந்தபோது கைகாரி போடும் கோடுகளைப் பார்த்து நான் பொறாமையில் வெந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய டிசைன் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். ஒரே ஒரு இடம். அது கிடைத்தால் அக்கா அந்த மெஷினுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம்.

தலைமை டிசைனர் அவள் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்னம்மா, எல்லாக் கையிலயும் சுண்டுவிரல் கோணலா இருக்கு?"

"எங்க அக்கா கை சார். அவங்க விரல் அப்படித்தான்."

"சரி, என் கையை வரைங்க பாப்போம்."

மேஜைமேல் கையை வைத்தார். கைகாரி மளமளவென்று வரைந்தாள். பக்கத்திலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். அவருடைய நேரான சுண்டுவிரல் தாளில் வெளிப்பக்கம் வளைந்து நின்றது.

"நீங்க என் கையைப் பாக்கவே இல்லையேம்மா. மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்க."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அக்கா வழக்கம்போல் விளக்கடியில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி ஆச்சு? எடுத்துக்கிட்டாங்களா?"

"உன் பாழாப்போன விரலாலதான் எல்லாம் போச்சு!"

அக்கா கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கைகாரி பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி வரிசை என்று அலைந்து ஊரார் கைகளையெல்லாம் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அதே கம்பெனி அடுத்த முறை அவளை எடுத்துக்கொண்டது. அக்காவும் வேலையை விட்டுவிட்டாள். இன்று அங்கே கை வரைய வேண்டுமென்றால் இவளைத்தான் தேடி வருகிறார்கள். திறமைசாலிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா இடது கையால்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். கைகாரி பென்சிலோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, கையைக் கொஞ்சம் காட்டேன். வரையணும்போல இருக்கு."

"எதுக்குடி? நல்ல கையா பாத்து வரை" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள்.