தேன்தின்னியின் பழைய பெயர்

யெர்னேயா பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது, அவள் என்ன படித்தாள் என்று அப்பா காஷ்பருக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டவர்களிடம், "சொல்லுக்கெல்லாம் பாட்டன் பூட்டன் யாருன்னு துப்புத் துலக்குற படிப்பாம்" என்று சமாளித்தார். அந்த வீட்டில் அவளுக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

செப்டம்பரில் தலைநகர் லுப்லியானாவுக்குத் திரும்பி ஆராய்ச்சியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. தேனீ வளர்க்கும் அப்பாவுக்கோ முதுகுவலி. அவள் போய்விட்டால் தேன்பெட்டிகளை யார் தூக்குவது?

"இதனால என்ன உபயோகம்னு ஒரு தடவை காட்டு, அப்புறம் போ" என்றுவிட்டார். அவளே தன்னைப் பல தடவை கேட்டுக்கொண்ட கேள்வி அது.

சனிக்கிழமை மாலை சந்தியிலிருந்த மதுக்கடையில் பேச்சு கரடியின் பக்கம் திரும்பியது. கோச்சேவ்யே காட்டோரத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

"ரெஸ்கா அக்கா, 'மெத்வேத்'னு கூப்பிடுறோமே, அது கரடியோட பேரே இல்ல" என்று ஆரம்பித்தாள் யெர்னேயா.

"பின்ன, என் வீட்டுக்காரர் பேரா?" என்றாள் தேன்பெட்டிகளின் முன்பலகையில் படம் வரையும் ரெஸ்கா.

"தேன்தின்னின்னு அர்த்தம். நிஜப் பேரைச் சொன்னா வந்துடும்னு பயந்து வெச்ச பட்டப்பேரு. ரஷ்யாக்காரங்க, போலந்துக்காரங்க எல்லாருக்கும் அது தேன்தின்னிதான். பயந்து பயந்து நிஜப் பேரையே மறந்துட்டோம்."

"படிச்சவ நீ, கண்டுபிடிச்சுச் சொல்லேன்!"

யெர்னேயாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. கிரேக்கரிடம் அது அர்க்தோஸ், ரோமானியரிடம் உர்சுஸ், சமஸ்கிருதத்தில் ரிக்ஷ. எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள். நம் மொழியில் எந்த ஒலி எப்படி மாறும் என்று தெரிந்தால், தொலைந்துபோன பிள்ளை இன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் எழுதி ஊகித்தும் விட்டாள். அந்தப் பெயரை இங்கே எழுதுவானேன்? நம் வீட்டிலும் தேன் இருக்கிறது.

"எங்கே, காட்டைப் பாத்துச் சொல்லு பாப்போம்!" என்று யாரோ உசுப்பிவிட்டார்கள். அவள் ஜன்னலைத் திறந்து, இருட்டைப் பார்த்துக் கத்தினாள். கடை முழுக்கக் கைதட்டல்.

காலையில் பார்த்தால் காஷ்பரின் தேன்பெட்டிகளில் பாதி கவிழ்ந்து கிடந்தன. சேற்றில் தட்டுத் தட்டாகக் கரடியின் கால்தடம்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வராம என்ன பண்ணும்?" என்றது ஊர். "லுப்லியானாவுல இதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?"

யெர்னேயாவால் சிரிக்கவும் முடியவில்லை. உபயோகத்தைக் காட்டச் சொன்னார் அப்பா, நன்றாகக் காட்டியாயிற்று. நான் நிரூபித்தது மொழியியலா, இல்லை வெறும் வாய்க்கொழுப்பா? அப்பா திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவரோ புதுப் பெட்டிகளுக்குப் பலகை அறுத்துக்கொண்டே இருந்தார்.

ஊரில் நடந்த கூத்தைத் தேன்பெட்டியின் முன்பலகையில் வரைந்து மாட்டுவது அங்கே வழக்கம். படத்தில் இருப்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரெஸ்கா வரைந்து கொண்டுவந்த பலகையில், பட்டமளிப்புத் தொப்பி போட்ட கரடி தேனை நக்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் நின்று யெர்னேயா விருந்தாளியை அழைப்பதுபோல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். வேலியோரம் கூடியிருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

காஷ்பர் பலகையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு ஆளை விட்டுட்டியே, ரெஸ்கா."

"யாரை மாமா?"

"ஜன்னலுக்குக் கீழ ஒருத்தன் நின்னான். தள்ளுவண்டியோட. வண்டியில, கரடியைத் தடுக்குற மின்வேலிக்கான பேட்டரி."

கூட்டம் வேலியை நெருங்கி வந்தது.

"சார்ஜ் ஏத்தி எடுத்துட்டுத் தோட்டத்துக்குத்தான் போயிட்டிருந்தேன். உள்ள இவ பேசுறது கேட்டுச்சு. நின்னேன். அந்தக் கிரேக்கம், ரோமெல்லாம் சொன்னாளே... எம்பொண்ணு!" அவர் பலகையில் ஜன்னலுக்குக் கீழே விரலால் தட்டினார். "அந்தச் சந்தோஷத்துல வண்டியை நேரா வீட்டுக்கே தள்ளிட்டுப் போய்ட்டேன். பேட்டரி இல்லாத வேலி என்ன வேலி? கொடிக்கயிறு."

ரெஸ்கா அங்கேயே தூரிகையை எடுத்தாள். "மூக்கைக் கொஞ்சம் பெருசா போடவா மாமா?"

"இருக்குறதைப் போடு."

யெர்னேயா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "செப்டம்பர்ல பெட்டியெல்லாம் யாருப்பா தூக்குவா?"

"சிரிச்சாங்கல்ல, இவங்க தூக்கட்டும்" என்றார் காஷ்பர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லு, சரியா கேக்கல" என்றவர், சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். "இரு இரு. முதல்ல பேட்டரியை மாட்டிட்டு வந்துடுறேன்."